உயர்விலைக் கணினித்திரை: விலைக்கேற்ற பயனை மதிப்பிடுதல்

கணினித்திரை அல்லது மானிட்டர் என்பது கணினி செய்யும் வேலையைக் கண்ணுக்குக் காட்டும் வெளியீட்டுக் கருவி ஆகும். ஒரே 27 அங்குல அளவில் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கும் ஒரு திரை கிடைக்கிறது. ஓர் இலட்சத்தைத் தாண்டிய விலையிலும் கிடைக்கிறது. அணைத்து வைத்திருக்கும்போது இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. இந்த விலை வேறுபாடு எதற்காக, அது யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பதைக் கணக்கிடும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. நிறத்தை நம்பித் தொழில் நடத்தும் சிவகாசி வட்டாரம் இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

ஒரு திரை கொடுக்கும் விலைக்குத் தகுமா என்பது, அதைப் பார்த்து எடுக்கும் முடிவு தவறினால் எவ்வளவு இழப்பு ஏற்படும் என்பதைப் பொறுத்தது. மற்ற எல்லா விவரங்களும் இந்தக் கேள்விக்குப் பிறகே வருகின்றன.

சிவகாசி வட்டாரமும் நிறமும்

விருதுநகர் மாவட்டத்தில் உள்ள சிவகாசியில் 1923ஆம் ஆண்டில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அதற்கு வித்திட்டனர். தீப்பெட்டிக்கும் பின்னர் பட்டாசுக்கும் ஒட்ட வேண்டிய வண்ண லேபிள்களின் தேவையிலிருந்து அச்சுத்தொழில் வளர்ந்தது. இன்று பட்டாசுப் பெட்டிகள், நோட்டுப் புத்தக அட்டைகள், நாட்குறிப்புகள், நாட்காட்டிகள் எனப் பலவகை அச்சு வேலைகள் இங்கிருந்து நாடெங்கும் செல்கின்றன. ஆடி 18 அன்று அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டி ஆல்பங்களை வெளியிடுவது இவ்வூர் வழக்கம்.

இந்த வேலைகள் எல்லாம் ஒரு கணினித்திரையில்தான் தொடங்குகின்றன. வடிவமைப்பாளர் திரையில் படத்தைச் சரிசெய்கிறார். கோப்பு அச்சகத்துக்குப் போகிறது. அங்கே நீலம், செம்மஞ்சள் கலந்த சிவப்பு எனப் பலவாறு தோன்றும் அந்தப் படம் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளாகப் பிரிக்கப்பட்டு, நான்கு பிளேட்டுகளாக ஆஃப்செட் இயந்திரத்தில் ஏறுகிறது. இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான தாள்கள் வெளிவந்துவிடும். அதற்குப் பின் நிறம் தவறு என்று தெரிந்தால், தாளும் மையும் உழைப்பும் வீணாகும். இழப்பை யார் ஏற்பது என்பதில் வடிவமைப்பாளருக்கும் அச்சகத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே தகராறு வரும்.

எல்லா வடிவமைப்பும் பெரிய அச்சகங்களுக்குள் நடப்பதில்லை. அரசு சிமெண்ட் ஆலையால் அறியப்பட்ட ஆலங்குளம் போன்ற சுற்றுப்புற ஊர்களில் ஒரு சிறு அறையில் ஒரு கணினியை வைத்து டிடிபி வேலை செய்பவருக்கும் இந்தக் கேள்வி உண்டு. (தென்காசி மாவட்டத்திலும் ஆலங்குளம் என்று ஓர் ஊர் இருக்கிறது, இங்கே குறிப்பது விருதுநகர் மாவட்டத்து ஊரை.) அவருக்குத் திரை என்பது தொழிற்கருவி. கடன் வாங்கி உயர்விலைத் திரை வாங்கலாமா என்பது அவருக்கு ஆசை சார்ந்த கேள்வி மட்டும் அன்று, பிழைப்பு சார்ந்ததும்கூட.

விலையை உயர்த்தும் கூறுகள்

1. படப்புள்ளி அடர்த்தி

திரையில் தெரியும் படம் படப்புள்ளிகளால் ஆனது. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதே அடர்த்தி. 1920 × 1080 புள்ளிகள் கொண்ட 24 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளிகள் உள்ளன. 2560 × 1440 புள்ளிகள் கொண்ட 27 அங்குலத் திரையில் 109. அதே அளவில் 4கே எனப்படும் 3840 × 2160 புள்ளிகள் இருந்தால் 163.

எவ்வளவு அடர்த்தி போதும்? நல்ல பார்வையுள்ள கண்ணால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்தறிய முடியும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. 60 சென்டிமீட்டர் தொலைவில் இந்தக் கோணம் ஏறத்தாழ 0.175 மில்லிமீட்டர் ஆகும். அப்படியானால் அங்குலத்துக்கு 145 புள்ளிகள் அளவில் கண் தன் எல்லையை நெருங்குகிறது. அதற்கு மேல் அடர்த்தியைக் கூட்டக் கூட்டக் கிடைக்கும் பயன் குறைந்துகொண்டே போகும்.

தமிழ் எழுத்துகளைக் கையாள்பவருக்கு இந்தக் கூறு முக்கியமானது. ண, ஞ, ணூ போன்ற சுழிகள் நிறைந்த எழுத்துகள் குறைந்த அடர்த்தியில் சிறிய அளவில் ஒன்றோடொன்று ஒட்டித் தெரியும். தினசரி நாட்காட்டித் தாளில் ராகு காலம், எமகண்டம், நட்சத்திரம், திதி எல்லாம் நுண்ணிய எழுத்தில் நெருக்கமாக வரும். நாள் முழுதும் அதில் மெய்ப்புப் பார்ப்பவரின் கண்ணுக்கு அடர்த்தியான திரை உண்மையான உதவி.

2. நிறவரம்பு

ஒரு திரையால் காட்டக்கூடிய நிறங்களின் பரப்பே நிறவரம்பு. எஸ்ஆர்ஜிபி என்பது எச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் 1996இல் முன்வைத்து, 1999இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட வரம்பு. இணையதளங்களும் சாதாரணப் படங்களும் இதையே அடிப்படையாகக் கொள்கின்றன. அடோபி ஆர்ஜிபி 1998இல் வந்தது. அச்சு மைகளால் கிடைக்கும் நிறங்களில் எஸ்ஆர்ஜிபி தவறவிடும் சிலவற்றையும், குறிப்பாக நீலப்பச்சைப் பகுதியையும், உள்ளடக்குவது அதன் நோக்கம்.

முருகன் படத்து மயில்கழுத்து நிறம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முழு அடர்த்தியில் அச்சிட்ட சயான் மையின் நிறம் எஸ்ஆர்ஜிபி வரம்புக்கு வெளியே இருக்கிறது. சாதாரணத் திரையில் அதைச் சரியாகப் பார்க்கவே முடியாது. வடிவமைப்பாளர் ஊகித்துத்தான் வேலை செய்ய வேண்டும். அடோபி ஆர்ஜிபி வரம்பைக் காட்டும் திரையில் அந்த ஊகம் பெருமளவு குறைகிறது. எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. திரையில் ஒளிரும் தூய பச்சையும் தூய நீலமும் நான்கு மை அச்சில் வருவதில்லை. திரையில் நீலமாக இருந்த கண்ணன் அச்சில் ஊதா சாய்ந்து வருவது இதனால்தான்.

3. நிறத்துல்லியம்

வரம்பு பரந்திருப்பது மட்டும் போதாது. கேட்ட நிறத்தையே காட்ட வேண்டும். கேட்ட நிறத்துக்கும் காட்டிய நிறத்துக்கும் உள்ள இடைவெளியை டெல்டா ஈ என்ற எண்ணால் அளப்பர். ஏறத்தாழ 1 என்றால் பயின்ற கண் மட்டும் அருகருகே வைத்துக் கண்டுபிடிக்கும். சராசரி 2க்குக் கீழ் இருந்தால் நிறவேலைக்கு நல்ல திரை. அந்த எண் பெரிதாகப் பெரிதாக, எவரும் கவனிக்கும் வேறுபாடாக மாறும்.

உயர்விலைத் திரைகளில் நிறத்தைத் திருத்தும் அட்டவணை திரைக்குள்ளேயே இருக்கும். நிறமானி என்னும் சிறு கருவியைத் திரைமேல் வைத்து அளந்து அந்த அட்டவணையைச் சரிசெய்யலாம். இது அளவுத்திருத்தம் எனப்படுகிறது.

4. பலகை வகையும் சீர்மையும்

பழைய டிஎன் வகைப் பலகையில் தலையைச் சற்று அசைத்தாலே நிறம் மாறித் தோன்றும். ஐபிஎஸ் வகையில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. ஆனால் கறுப்பு சற்றுச் சாம்பலாகத் தெரியும், மாறுபாட்டு விகிதம் பொதுவாக 1000:1 அளவில் இருக்கும். விஏ வகையில் 3000:1 அளவு கிடைக்கும். ஓஎல்இடி வகையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்பு முழுக்கறுப்பாக இருக்கும். ஆனால் ஒரே கருவிப்பட்டையை நாள்தோறும் பல மணி நேரம் காட்டினால் அதன் தடம் நிலைத்துவிடும் வாய்ப்பு அதில் உண்டு. வடிவமைப்பு மென்பொருளை நாள் முழுதும் திறந்து வைத்திருப்பவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திரையின் நடுவும் ஓரங்களும் ஒரே பொலிவில் இருப்பது சீர்மை. விலை குறைந்த திரையில் ஓரம் மங்கியிருக்கலாம். படத்தை இடமிருந்து வலம் நகர்த்தினால் நிறம் மாறும் திரையில் முகத்தின் நிறத்தை முடிவு செய்ய இயலாது.

5. புதுப்பிப்பு வீதம்

ஒரு நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பதை ஹெர்ட்ஸ் கணக்கில் சொல்வர். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லிநொடி நிற்கும். 144 ஹெர்ட்ஸில் 6.9, 240 ஹெர்ட்ஸில் 4.2. முதல் படியில் 9.8 மில்லிநொடி குறைகிறது. அடுத்த படியில் 2.7 மட்டுமே குறைகிறது. விரைவான கணினி விளையாட்டுகளில் முதல் படியின் பயன் தெளிவாகத் தெரியும். அசையாத நாட்காட்டிப் படத்துக்கு இதனால் எந்த நன்மையும் இல்லை. ஆகவே நிறவேலை செய்பவர் இந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

விளம்பரச் சொற்களைப் படிக்கும் முறை

"நூறு கோடி நிறங்கள்" என்பது 10 பிட் நிற ஆழத்தைக் குறிக்கும். ஒவ்வொரு முதன்மை நிறத்துக்கும் 1024 படிகள் என்றால் மொத்தம் 107 கோடி சேர்க்கைகள். 8 பிட் திரையில் 256 படிகள், மொத்தம் 1.67 கோடி. சில திரைகள் 8 பிட் பலகையில் புள்ளிகளை வேகமாக மாற்றிக் காட்டி 10 பிட் போன்ற தோற்றத்தைத் தருகின்றன. பெரும்பாலான வேலைக்கு அதுவும் போதும்; ஆனால் விலையில் வேறுபாடு இருக்க வேண்டும்.

"எச்டிஆர்" என்ற சொல்லும் கவனத்துக்குரியது. வீசா அமைப்பு 2017 இறுதியில் டிஸ்ப்ளே எச்டிஆர் என்ற தரவரிசையை வெளியிட்டது. அதன் அடிப்படை நிலையான 400, திரையின் பகுதிகளைத் தனித்தனியே மங்கச் செய்யும் வசதியைக் கட்டாயமாக்கவில்லை. ஆகவே அந்த முத்திரை மட்டும் இருப்பதால் ஆழ்ந்த கறுப்பு கிடைத்துவிடாது.

"பல இலட்சத்துக்கு ஒன்று" என்னும் இயங்குநிலை மாறுபாட்டு விகிதம், முழுவெள்ளைக் காட்சியையும் ஒளி குறைத்த கறுப்புக் காட்சியையும் வெவ்வேறு நேரத்தில் அளந்து ஒப்பிட்ட எண். ஒரே படத்துக்குள் அது கிடைப்பதில்லை.

விலையுயர்ந்த திரையாலும் தீராத குறைகள்

"திரையில் பளிச்சென்று இருந்தது, அச்சில் மங்கிவிட்டது" என்பது அச்சுத்தொழிலில் அடிக்கடி எழும் புகார். இதற்குத் திரை மலிவானது என்பதைக் காட்டிலும், திரையின் பொலிவு அளவுக்கு மீறி வைக்கப்பட்டிருப்பதே பெரும்பாலும் காரணமாகிறது.

இதை எளிய கணக்கால் காணலாம். 500 லக்ஸ் ஒளியுள்ள அறையில் ஒரு வெள்ளைத்தாள் இருக்கிறது. அது தன்மேல் விழும் ஒளியில் 85 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது என்க. 500 × 0.85 = 425. இதை 3.14ஆல் வகுத்தால் ஏறத்தாழ 135 நிட். தாளின் வெண்மை அவ்வளவுதான். கடையிலிருந்து வந்த திரையோ பெரும்பாலும் 250 முதல் 350 நிட் வரை எரியும். தாளைவிட இரு மடங்கு ஒளிரும் திரையைப் பார்த்துப் படத்தின் வெளிச்சத்தை முடிவு செய்தால் அச்சு இருட்டாகத்தான் வரும். பொலிவைத் தாளின் அளவுக்குக் குறைப்பதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. புதிய திரை வாங்குவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

அறையின் ஒளியும் அப்படியே. அச்சுத்தாளைப் பார்த்து நிறம் ஒப்புவதற்கு 5000 கெல்வின் அளவிலான ஒளி பன்னாட்டுத் தரமாக உள்ளது. நீலம் சாய்ந்த குழல்விளக்கின் கீழ், பச்சைச் சுண்ணாம்பு அடித்த சுவர் அருகே பார்க்கும் தாள் வேறு நிறமாகவே தெரியும். சன்னல் வெயில் திரைமேல் விழும் அறையில் ஓர் இலட்ச ரூபாய்த் திரையும் வீண்.

அளவுத்திருத்தம் செய்யாத உயர்விலைத் திரை சில மாதங்களில் தன் துல்லியத்தை இழக்கும். பின்னொளி விளக்குகள் காலப்போக்கில் மங்கும், நிறமும் மாறும். அச்சகம் தரும் நிறவிவரக் கோப்பைப் பயன்படுத்தி மென்பொருளில் அச்சு முன்தோற்றம் பார்க்காவிட்டால், பரந்த நிறவரம்பு இருந்தும் பயனில்லை.

பட்டாசுப் பெட்டிகளுக்கு இன்னொரு எல்லையும் உண்டு. அவற்றில் ஒளிரும் சிறப்பு மைகளும் தங்க, வெள்ளி நிற உலோகப் பூச்சுகளும் மிகுதி. இவை வெளிச்சத்துக்கு ஏற்பவும் பார்க்கும் கோணத்துக்கு ஏற்பவும் மாறித் தோன்றுபவை. எந்த விலைத் திரையாலும் அவற்றை அப்படியே காட்ட முடியாது. அங்கே அச்சிட்ட மாதிரித் தாளே இறுதி.

கணக்கிட்டுப் பார்த்தல்

ஆலங்குளத்தில் டிடிபி வேலை செய்யும் ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கீழுள்ள தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. வாங்குபவர் தம் காலத்து விலைகளை இட்டுக்கொள்ள வேண்டும்.

சாதாரணத் திரை 12,000 ரூபாய். எஸ்ஆர்ஜிபி வரம்பை முழுதும் காட்டும் நடுத்தரத் திரை 20,000. நிறவேலைக்கான உயர்விலைத் திரை 70,000. நிறமானி 20,000. திரையின் பயன்காலம் 5 ஆண்டுகள். ஒரு மாதிரித் தாள் எடுக்க 300 ரூபாய். நம்பகமான திரை இருந்தால் ஒவ்வொரு வண்ண வேலையிலும் ஒரு மாதிரித் தாள் மிச்சமாகும் என்று கொள்வோம்.

முதல் வழி: உயர்விலைத் திரையும் நிறமானியும் 90,000. சாதாரணத் திரையைவிட 78,000 கூடுதல்; ஆண்டுக்கு 15,600. இதை ஈடுகட்ட ஆண்டுக்கு 52 வண்ண வேலைகள் வேண்டும்.

இரண்டாம் வழி: நடுத்தரத் திரையும் நிறமானியும் 40,000. கூடுதல் 28,000, ஆண்டுக்கு 5,600. ஆண்டுக்கு 19 வேலைகள் போதும்.

மூன்றாம் வழி: நடுத்தரத் திரையுடன், நான்கு பேர் சேர்ந்து ஒரு நிறமானி. ஒருவர் பங்கு 5,000. கூடுதல் 13,000, ஆண்டுக்கு 2,600. 9 வேலைகள் போதும். மாதம் ஒரு முறை பயன்படும் கருவி என்பதால் பங்கிட்டுக்கொள்வதில் சிரமமில்லை.

ஆண்டுக்கு 60 வண்ண வேலை செய்பவர் முதல் வழியைத் தேர்ந்தாலும் நட்டமில்லை என்று இதிலிருந்து தோன்றும். ஆனால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். இரண்டாம் வழியிலிருந்து முதல் வழிக்கு ஏறுவதற்கு ஆண்டுக்கு மேலும் 10,000 ரூபாய் ஆகிறது. நடுத்தரத் திரையால் முடியாத எந்த வேலையை அந்தப் பத்தாயிரம் செய்து தருகிறது? மயில்கழுத்து நிறமும் அடர்ந்த நீலப்பச்சையும் மிகுந்த சாமிப்பட நாட்காட்டிகளே அவருடைய முதன்மை வேலை என்றால் விடை தெளிவு. 3,000 நாட்காட்டிகள், ஒன்றுக்கு 15 ரூபாய் என்றால், ஒரே ஒரு மறு அச்சு 45,000 ரூபாயை விழுங்கிவிடும். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், ஒற்றை நிற நோட்டீஸ் ஆகியவையே பெரும்பகுதி என்றால் அந்தப் பத்தாயிரத்துக்கு விடை இல்லை.

தவணையில் வாங்கினால் வட்டியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஜிஎஸ்டி பதிவு பெற்ற தொழில் என்றால் திரைக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக வரவு வைத்துக்கொள்ளும் வழி உண்டு. அது விலையைக் குறைக்கும்.

ஒரே விலை, இரு தீர்ப்பு

ஒரே விலை சிலருக்கு வீண் ஆடம்பரமாகவும் சிலருக்குச் சிக்கனமாகவும் படுவதற்கு 2019ஆம் ஆண்டு நிகழ்வு சான்று. அவ்வாண்டு சூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் புரோ டிஸ்ப்ளே எக்ஸ்டிஆர் என்ற 32 அங்குலத் திரையை அறிவித்தது. விலை 4,999 டாலர். தாங்கி தனியாக 999 டாலர் என்று சொன்னதும் அரங்கிலேயே முணுமுணுப்பு எழுந்தது. அதே மேடையில் அந்நிறுவனம், திரைப்படத் துறையினர் பயன்படுத்தும் 43,000 டாலர் மதிப்புள்ள ஒப்பீட்டுத் திரையுடன் அதை ஒப்பிட்டுக் காட்டியது.

வீட்டுக் கணினிக்கு வாங்குபவருக்கு அது மிகையான விலை. 43,000 டாலர் திரை தேவைப்பட்டும் வாங்க முடியாத படத்தொகுப்பாளருக்கு அது கைக்கெட்டும் விலை. ஆயினும் அத்திரையின் இரண்டு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்குப் பின்னால் 576 ஒளிப்பகுதிகளே உள்ளன. ஒரு பகுதிக்கு ஏறத்தாழ 35,000 புள்ளிகள். இருண்ட காட்சியில் சிறு ஒளிப்புள்ளியைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தோன்ற இது இடந்தரும். புள்ளிக்குப் புள்ளி ஒளியைக் கட்டுப்படுத்தும் ஒப்பீட்டுத் திரைகளில் இந்தக் குறை இல்லை. தாங்கியின் 999 டாலரோ நிறத்தில் எந்த மாற்றமும் செய்யாது. ஒரே பெட்டிக்குள் தேவைக்கான விலையும் தோற்றத்துக்கான விலையும் சேர்ந்தே இருக்கலாம் என்பதை இது காட்டுகிறது.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

- இப்போதுள்ள திரையின் பொலிவைக் குறைத்து, அறை ஒளியைச் சரிசெய்து, ஒரு மாதம் வேலை செய்து பார்க்கவும்.
- கடந்த ஓராண்டில் நிறத் தவறால் எத்தனை மாதிரித் தாள்கள், எத்தனை மறு அச்சுகள் என்று எழுதிக் கூட்டவும்.
- அச்சிட்டு வந்த ஒரு நல்ல தாளையும் அதன் மூலக்கோப்பையும் கடைக்கு எடுத்துச் சென்று, திரையில் திறந்து, தாளை அருகே பிடித்து ஒப்பிடவும்.
- முழுச் சாம்பல் நிறப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஓரங்கள் மங்குகின்றனவா, ஒரு பக்கம் மஞ்சள் சாய்கிறதா என்று பார்க்கவும்.
- வழக்கமாகப் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருவைச் சிறிய அளவில் திறந்து படித்துப் பார்க்கவும்.
- கணினியின் வரைகலை அட்டையும் இணைப்பு வடமும் அத்திரைக்கு ஈடுகொடுக்குமா என்று உறுதிசெய்யவும். எடுத்துக்காட்டாக, பழைய எச்டிஎம்ஐ 1.4 இணைப்பில் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் வரும்.
- உத்தரவாதக் காலம், பழுதான புள்ளிகளுக்கான மாற்று விதி, அருகிலுள்ள சேவை மையம் ஆகியவற்றைக் கேட்டறியவும்.

யாருக்கு எது

படிப்புக்கும் தட்டச்சுக்கும் திரை தேடும் மாணவருக்கு எஸ்ஆர்ஜிபி வரம்பை ஒட்டிய, கண்ணுக்கு உறுத்தாத ஐபிஎஸ் திரை போதும். மிச்சப் பணம் நல்ல நாற்காலிக்கும் மின்தடை தாங்கும் யூபிஎஸ் கருவிக்கும் உதவும். மெய்ப்புப் பார்ப்பவர் நிறத்தைவிட அடர்த்திக்குப் பணம் தரலாம். வண்ண வேலையில் தொடக்க நிலையில் இருப்பவருக்கு நடுத்தரத் திரையும் பங்கிட்ட நிறமானியும் பொருந்தும். தாம் சொல்லும் "சரி" என்ற ஒரு சொல்லை நம்பி ஆயிரக்கணக்கான தாள்கள் ஓடப்போகும் வடிவமைப்பாளருக்கு மட்டுமே உயர்விலைத் திரை தன் விலையைத் திருப்பித் தரும். அவரும் இயந்திரம் ஓடுமுன் ஒரு மாதிரித் தாளில் வாடிக்கையாளரின் கையொப்பத்தை வாங்கிவைப்பது நல்லது.